"அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா"

(ஒலக்கூரில் இரவுப் பாடசாலை மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாணவர் ஒழுக்கத்தைச் சீர்செய்ய வீடும் பள்ளிக்கூடமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் வீடும் பள்ளிக்கூடமும் எங்கே சந்திக்கின்றன? ஒரு வாக்கியத்தில் சந்திக்கின்றன. "நாளைக்கு அப்பாவக் கூட்டிக்கிட்டு வா, இல்லேன்னா வகுப்புக்குள்ள கால வைக்காத." சேரியில் பிள்ளை படிக்கிற எந்த வீட்டுக்கும் இந்த வாக்கியம் ஒரு தடவையாவது வந்திருக்கும். அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

இது வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? அப்பா பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டார். சென்னையில் கட்டட வேலை, இல்லை கரும்பு வெட்டு, இல்லை செங்கல் சூளை. அம்மா நடவுக்கோ மல்லாட்டை பிடுங்கவோ போயிருக்கும். பள்ளிக்கூடம் போகணும்னா ஒரு நாள் கூலி போச்சு. அதையும் விட்டுட்டு அந்த அம்மா போகும். வராந்தாவில் நிற்க வைப்பார்கள். மணி அடித்து, இடைவேளை வந்து, வாத்தியார் வெளியே வந்து சொல்வார்: "உம் புள்ள ஒழுங்கா இல்ல. இப்படியே போனா டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்துடுவேன்." பேச்சு அவ்வளவுதான். அந்த அம்மா, மற்றப் பிள்ளைகள் எல்லாம் பார்க்க, அங்கேயே பையன் முதுகில் நாலு வைக்கும். வாத்தியாருக்குத் திருப்தி. வீடும் பள்ளியும் சேர்ந்து ஒழுக்கத்தைச் சீர்செய்தாகிவிட்டது. மறுவாரம் பையன் பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை.

இன்னொரு வகையும் உண்டு. பையன் வீட்டில் சொல்லவே மாட்டான். சொன்னால் அம்மாவுக்குக் கூலி போகும், அவமானம் வேறு. டீக்கடையில் யாராவது ஒரு அண்ணனைப் பிடித்து, "மாமான்னு சொல்லிக்கிட்டு வாண்ணா" என்று கூட்டிக்கொண்டு போவான். அதுவும் முடியாவிட்டால் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்புவான். நீங்க சிரிக்கிறீங்க. இங்கே சிரிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அந்த ஏரிக்கரையில உக்காந்தவங்கதான்.

நானும் பல வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எமிஸ் பதிவு, இலவசப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை எல்லாவற்றையும் பார்க்கிற ஆசிரியரின் சிரமம் எனக்குத் தெரியாததில்லை. அவரை வில்லனாக்கிவிட்டுக் கைதட்டல் வாங்குவதற்கு நான் வரவில்லை. ஆனால் 'ஒழுக்கம்' என்ற சொல்லை இரண்டு தரப்பும் ஒரே பொருளில் சொல்கிறோமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் 'ஒழுங்கீனம்' என்று சொல்கிற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வருவதில்லை. அடிக்கடி லீவு. வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. தலைமுடி சரியில்லை. எதிர்த்துப் பேசுகிறான். அடிதடி. இந்தப் பட்டியலில் முதல் மூன்றும் நம் வீட்டு வறுமை. விடியற்காலையில் தண்ணி பிடிக்கிற பெண் பிள்ளை, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடி வருகிற பெண் பிள்ளை, ஒன்பதரைக்குத்தான் வரும். சூளைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை அரை வருஷம் வராது. எதிர்த்துப் பேசுகிறானே, அது என்ன? வகுப்பில் எல்லார் முன்னாலும் "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லு, ஸ்காலர்ஷிப் பாரம் வந்திருக்கு" என்று சொல்லும்போது எழுந்து நின்றவன், அடுத்த மணி நேரத்தில் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறான். அதைத் திமிர் என்று எழுதுகிறார்கள். அவனுக்கு அது முதுகு நிமிர்த்திக்கொள்கிற முயற்சி.

இப்படிச் சொல்வதால் நம் பிள்ளைகள் செய்வதெல்லாம் கலகம், எல்லாம் எதிர்ப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். ஒன்பதாம் வகுப்புப் பையன் வாயில் பாக்குப் பொட்டலம் அடக்குகிறான். செல்போனில் என்ன பார்க்கிறான் என்று நமக்குத் தெரியும். கூடப் படிக்கிற பெண்ணைக் கேலி செய்கிறான். அந்தப் பெண்ணும் சேரிப் பெண்தான். இருளர் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் நம்ம பையனே மூக்கைப் பிடிக்கிறான். மேலேயிருந்து வாங்கியதைக் கீழே கொடுக்கிறான். இதற்கு எந்தக் கோட்பாட்டு விளக்கமும் தேவையில்லை, திருத்த வேண்டும். யார் திருத்துவது, எப்படித் திருத்துவது என்பதுதான் பேச்சு.

இங்கே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கிற சுவர் நேற்றுக் கட்டியதில்லை. இங்கிருந்து வடக்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் இரட்டைமலை சீனிவாசனின் ஊர். அவர் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளியில் ஏறக்குறைய 400 பிள்ளைகள், பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனப் பிள்ளைகள். மற்ற பிள்ளைகளோடு பழகினால் தன் சாதியும் குடியிருப்பும் உறவும் தெரிந்துவிடும், தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, அவர் மணி அடிக்கும் வரை வெளியே எங்கேயாவது இருந்து, வகுப்பு தொடங்கும்போது உள்ளே போவார். விட்டதும் யாரும் தன்னை எட்டிப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவரின் பள்ளிப் பருவம் இது. இன்றைய கணக்கில் அவரைப் பற்றி வாத்தியார் என்ன எழுதியிருப்பார்? "யாருடனும் சேர்வதில்லை, நேரத்துக்கு முன்னால் வருவதில்லை, பெற்றோரைப் பார்க்க வேண்டும்." வீடு எது என்று தெரிந்துவிடக் கூடாது என்று ஓடுகிற பிள்ளையிடம் வீட்டைக் கூட்டிக்கொண்டு வா என்றால் அவன் என்ன செய்வான்?

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். 1893-இல் பஞ்சமர் கல்விக்காக அரசாணை வந்தது. தனிப் பள்ளிகள் வந்தன. நம்ம பழைய தென்னார்க்காட்டில் 1916-இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சோறு, படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே இடத்தில். அதாவது வீட்டையும் பள்ளியையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார். பிள்ளை தன் வீட்டை மறைக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. அங்கே படித்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்தில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் போனார்கள். நம் திண்டிவனத்திலேயே பேராசிரியர் பிரபா கல்விமணி 1996-இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளையின் சாதிச் சான்றிதழும் பிள்ளையின் படிப்பும் ஒரே சண்டை என்று காட்டியது அந்த வேலை. வீட்டுக்குப் போகாமல் இருளர் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும்.

ஊர்ப் பொதுப் பள்ளிக்கூடம் அப்படி இல்லை. அது ஊர்த்தெருவில் இருக்கும். கட்டடத்துக்கு இடம் கொடுத்தவர், பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர், கொடியேற்றுகிறவர் எல்லாம் ஊர்த்தெரு. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஒன்று இருந்தது, அதில் பெற்றோர் என்றாலே ஊர்ப் பெரிய மனுஷர் என்று பொருள். பள்ளியில் பிள்ளையே படிக்காதவர்கூட அதற்குத் தலைவராக இருப்பார். நம்ம வீடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போனது இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று, கூட்டிப் பெருக்க. இன்னொன்று, பிள்ளைக்காகத் திட்டு வாங்க.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பையன் என்னைச் சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் அவன் நோட்டைக் கிழித்துப் போட்டேன். என் அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மா வராந்தாவுக்குக் கீழே, வெயிலில் நின்றது. என்ன பிள்ளை வளர்ப்பு இது என்று வாத்தியார் கேட்டார். எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அது கேட்டது: "ஏன் கிழிச்சான்னு அவனக் கேட்டீங்களா சாரு?" வாத்தியார் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அம்மா என்னை அடிக்கவில்லை. திரும்பி வரும்போது வழியில், "நோட்டு கிழிச்சது தப்பு. அதுக்கு நாளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடு" என்று மட்டும் சொன்னது. எட்டணா கொடுத்தது. ஒழுக்கம் பற்றி நான் பிற்பாடு எத்தனையோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. காரணம் கேட்பது, நஷ்டத்தை ஈடுசெய்யச் சொல்வது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

வீடு காரணம் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நடந்த சம்பவம். ஈரோடு மாவட்டம், பெருந்துறைப் பக்கம் பாலக்கரை ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 2022 நவம்பரில் ஒரு பிள்ளைக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. எப்படி வந்தது என்று தாய் விசாரித்தார். பள்ளியில் கழிவறை கழுவச் சொன்னார்கள், அங்கே கொசு கடித்தது என்று பிள்ளை சொன்னான். தலித் பிள்ளைகளை மட்டும் அதற்கு அனுப்பியதாகப் புகார் போனது. தலைமையாசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி டிசம்பரில் கைதானார். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பள்ளி அதுவரை குறித்து வைத்திருக்கலாம். பள்ளி அவர்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை ஒரு தாய் கேட்டதால்தான் தெரிந்தது. நடத்தை என்றால் இரண்டு பக்கமும் நடத்தைதான்.

இதற்கு நேர்மாறான, நெஞ்சு பதறுகிற சம்பவம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன். கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. நடந்தது சொல்லப்பட்டது, புகாரும் போனது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, அதே பையன்கள் வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். 2024-இல் அந்தப் பிள்ளை பொதுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தான், அது வேறு செய்தி. நாம் கவனிக்க வேண்டியது இது. பள்ளி கேட்டது, வீடு சொன்னது, வீடும் பள்ளியும் பேசிக்கொண்டன. ஆனால் சொன்னதன் விலையை வீடு தனியாகக் கொடுத்தது. புகார் எழுதிக் கொடு என்று ஒரு குடும்பத்திடம் காகிதத்தை நீட்டுவதோடு பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடாது. எழுதியவரைப் பாதுகாக்கிற பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. வெட்டிய பையன்களுக்கும் வீடு இருக்கிறது அல்லவா? ஒழுக்கம் கெட்டவன் என்றதும் சேரிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களே, அரிவாள் தூக்கிய பிள்ளையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்ல எந்தப் பள்ளிக்குத் தைரியம் இருந்தது? தெற்கே பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு கலர் கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டி அனுப்புவது வீடு. 2019 ஜூலையில் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி தடை. அகர வரிசையில் இருக்கை. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் அறைக்குத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளம் போக வேண்டும். தடையை மீறுகிற மாணவனின் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். கவனியுங்கள், அந்த அறிக்கையில் பெற்றோரை அழைப்பது வேறு காரணத்துக்காக வருகிறது. சாதியைக் கட்டி அனுப்புகிற வீட்டைக் கேள்வி கேட்பதற்காக வருகிறது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் சொல் போனால் போதாது, வகுப்பறையில் அந்தச் சொல்லைச் சொல்லும் தொனி போக வேண்டும்.

இப்போது கடல் கடந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். கறுப்பர் போராட்டத்திலிருந்து நாம் பேரையும் பாட்டையும் எடுத்துக்கொண்டோம், அவர்கள் பள்ளிக்கூடத்தில் செய்த வேலையை அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரம். ஜேம்ஸ் கோமர் என்று ஒரு கறுப்பின மனநல மருத்துவர். அவர் அப்பா இரும்பாலைத் தொழிலாளி, அம்மா வீட்டு வேலை செய்தவர். 1968-இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த நகரத்தின் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்குள் போனார்கள். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கறுப்பர், ஏழைகள். வருகை மோசம், படிப்பு மோசம், வகுப்பில் ஒரே ரகளை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. முதல் வருஷம் எல்லாமே குழப்பம், பெற்றோர் கொதித்துப் போனார்கள்.

பிறகு அவர்கள் செய்தது எளிமையான காரியம். பள்ளியை நடத்த ஒரு குழு. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், மனநலப் பணியாளர், மற்ற ஊழியர் எல்லாரும் அதில். மூன்று கட்டுப்பாடு: யாரையும் குற்றம் சாட்டிக்கொண்டிருக்காமல் பிரச்சினையைத் தீர்ப்பது, எல்லாரும் ஒப்புகிற முடிவை எடுப்பது, தலைமையாசிரியரை முடக்காமல் சேர்ந்து வேலை செய்வது. பெற்றோர் வகுப்பறைக்குள் உதவியாளராக வந்தார்கள். தெற்கு மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்த எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி கோமர் எழுதியிருக்கிறார். புது வகுப்பில் விட்ட உடனே ஆசிரியரை உதைத்துவிட்டு ஓடினான். முரடன் என்று தண்டிக்கப் பார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால், தெரியாத ஊர், தெரியாத முகம், பயத்தில் ஓடியிருக்கிறான். அதற்குப் பிறகு புதிதாக வரும் பிள்ளைகளை வரவேற்றுப் பழக்குகிற ஏற்பாடு செய்தார்கள். ஒரே ஆசிரியர் இரண்டு வருஷம் அதே பிள்ளைகளோடு இருக்கும்படி மாற்றினார்கள். காலப்போக்கில் ரகளை குறைந்தது, வருகை கூடியது, மதிப்பெண் ஏறியது.

அந்த எட்டு வயதுப் பையன் நம்மிடம் இல்லையா? சூளையிலிருந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளை அவன்தானே. ஒன்றை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'யாரையும் குற்றம் சாட்டாதே' என்பது. பள்ளியில் சாதி இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்கிற நாட்டில், குற்றம் சாட்டாதே என்றால் வாயை மூடு என்று அர்த்தமாகிவிடும். முதலில் பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, ஆளைப் பிடித்துத் தொங்காமல் வேலையைப் பார்க்கலாம்.

நமக்குச் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை இங்கே இருக்கிற மாணவர்கள் வாசித்து வீட்டில் சொல்ல வேண்டும். 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆக, எட்டாம் வகுப்புக்குள் இருக்கிற பிள்ளையிடம் டி.சி. கிழிப்பேன் என்பது வெற்று மிரட்டல். 17-ஆவது பிரிவு, அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 24-ஆவது பிரிவு, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்கிறது. அது ஆசிரியரின் கடமை. நீங்கள் கூப்பிட்டு நாங்கள் வந்து நிற்பது தயவு இல்லை, எங்களுக்குக் கணக்குச் சொல்வது உங்கள் வேலை. 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் அளவுக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு உண்டு. நம் தாய்மார் பலர் அதில் உறுப்பினராக இருக்கிறார்கள். தீர்மான நோட்டு வீட்டுக்கு வருகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இனிமேல் நோட்டு வீட்டுக்கு வரக் கூடாது, நாம் நோட்டு இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

என்ன செய்வது என்று சிலவற்றைச் சொல்கிறேன். பேசி முடிவு செய்யுங்கள்.

பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினால் தாயைத் தனியாக அனுப்பாதீர்கள். தெருவில் படித்த ஒரு அக்காவோ அண்ணனோ, குழு உறுப்பினர் ஒருவரோ கூடப் போக வேண்டும். போய் நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலி போடவில்லை என்றால் கேட்டு வாங்கி உட்கார வேண்டும். பேச்சு பிள்ளை முன்னால் நடக்கலாம், மற்றப் பிள்ளைகள் முன்னால் நடக்கக் கூடாது. முதல் கேள்வி: "ஏன் செய்தான் என்று கேட்டீர்களா?" இரண்டாவது கேள்வி: "இதைச் சரிசெய்ய அவன் என்ன செய்ய வேண்டும், நீங்கள் என்ன செய்வீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" மூன்றுக்கும் பதில் வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

கூப்பிடாமலும் போக வேண்டும். புகார் வந்தால் மட்டும் போகிற வீட்டைப் பள்ளிக்கூடம் குற்றவாளி வீடாகத்தான் பார்க்கும். கூட்டத்தைக் கூலி வேலை முடிகிற நேரத்தில் வைக்கச் சொல்லிக் குழுவில் தீர்மானம் போடுங்கள். உதவித்தொகைப் பாரத்தைத் தனியே கொடுக்க வேண்டும், பெருக்குகிற முறையும் தண்ணி எடுக்கிற முறையும் அகர வரிசைப்படி எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று எழுதி வையுங்கள். சூளைக்குப் போகிற குடும்பம் போகும் முன்னால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். சாதிச் சொல் சொல்லித் திட்டினால், அடித்தால், புகாரை ஒரு வீடு எழுதாமல் நாலு வீடு சேர்ந்து, குழுவின் பெயரில், நகல் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். இதுக்கு இயக்கம் பக்கத்தில் நிற்கும்.

நம் வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வீட்டில் தடியெடுத்துக்கொண்டு பள்ளியில் அடிக்காதே என்று கேட்க முடியாது. பிள்ளைக்குத் தெரிந்த முதல் அதிகாரம் குடித்துவிட்டு வருகிற அப்பாவாக இருந்தால், அவன் ஆசிரியரிடமும் அதையே எதிர்பார்ப்பான், பெண் பிள்ளையிடம் அதையே காட்டுவான். ராத்திரி ஏழிலிருந்து எட்டரை வரை தெருவில் டி.வி. சத்தம் வேண்டாம் என்று ஒரு தெருவாக முடிவெடுக்க நம்மால் முடியாதா? திருவிழாவுக்குக் கட்டுப்பாடு போடத் தெரிந்தவர்களுக்குப் படிப்புக்கு ஒரு கட்டுப்பாடு போடத் தெரியாதா? படிக்கத் தெரியாத தாய், "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்று தினமும் கேட்டால் போதும். கேட்கிற ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பெண் பிள்ளை படிக்கிற நேரத்தில் தண்ணிக்கு ஆண் பிள்ளை போகட்டும்.

கடைசியாக மாணவர்களுக்கு. இரண்டு அடியைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன் என்கிற ரோஷம் உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் நீங்கள் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் இடம் காலியானதை யாரும் புகாராக எழுத மாட்டார்கள். என்ன நடந்தாலும் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் இங்கே இரவுப் பாடசாலையில் வந்து சொல்லுங்கள். கூடப் படிக்கிற இருளர் பிள்ளையிடம், பெண் பிள்ளையிடம் நீங்கள் நடந்துகொள்கிற விதத்தில்தான் உங்களுக்கு இந்த இயக்கம் என்ன சொல்லிக் கொடுத்தது என்று ஊர் பார்க்கும். கல்லூரிக்குப் போகிறவர்கள் மாதம் ஒரு நாள் உங்கள் தெருத் தாயோடு மேலாண்மைக் குழுவுக்குப் போய், தீர்மானத்தை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு யார் யார் போவது என்று பேர் எழுத இங்கே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது எழுதிவிட்டுப் போங்க.

ஜெய்பீம்.